கழுதைத் திடலில் ஸ்கூட்டி பழக்கிய காலம்

ஸ்கூட்டி பழகுகிறவருக்கு விழுகிறவரைக்கும்தான் பயம். பழக்குகிறவளுக்கு, அவர் திறப்பைப் போட்டுத் திருப்புகிற ஒவ்வொரு தரமும் பயம்.

தையல் பழக்குகிறவர்களே, சமையல் பழக்குகிறவர்களே, பிள்ளைக்கு வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துத் தொண்டை கட்டின தாய்மாரே, உங்களுக்கு என் நிலைமை விளங்கும். "பயப்படாதீங்க" என்று சிரித்த முகத்தோடு சொல்லிவிட்டு, உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டு நிற்கிற கூட்டம் நாம்.

நான் எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள். யுத்தத்துக்குப் பயந்து மன்னார்ப் பக்கமிருந்து ஓடி வந்த குடும்பம் எங்களுடையது. வந்த இடத்தில் புத்தகப் பையைவிட அரிசிப் பைதான் முக்கியமாக இருந்தது. இப்போது எத்தாளைக்கு அருகில், கடல் உள்ளே புகுந்து கிடக்கிற களப்பின் ஓரமாக இருக்கிறோம். மகள் கல்யாணம் முடித்து நீர்கொழும்புக்குப் போனபோது தன் ஸ்கூட்டியை விட்டுவிட்டுப் போனாள். நான் அதற்குச் சீலை போட்டு மூடி வைத்திருந்தேன். "மூடி வைக்க இதென்ன பிரேதமா?" என்று இவர் கேட்டார். இவர் என்றால் என் கணவர்; மீன்வாடியில் ஐஸ் உடைக்கிறவர். அந்தப் பேச்சில் ரோசம் வந்து ஸ்கூட்டி ஓடப் பழகினேன். என்னைப் பார்த்துப் பக்கத்து வீட்டுப் பெண் பழக வந்தாள், அவளைப் பார்த்து அவளுடைய மச்சாள் வந்தாள். யுத்தம் முடிந்து சோதனைச் சாவடிகள் எல்லாம் எடுபட்டுப்போன பிறகு எங்கள் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு புது ஆசை முளைத்திருந்தது. பஸ்ஸையும் ஆண்துணையையும் எதிர்பார்க்காமல் தானாக ஓர் இடத்துக்குப் போய்ப் பார்க்கிற ஆசை.

மழைக்காலம் முடிந்து களப்புத் தண்ணீர் பின்வாங்கினால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு வெறுந்திடல் வெளிப்படும். சிமெந்து பூசினது போல இறுகிக் கிடக்கும். மரமில்லை, மதிலில்லை, கிணறில்லை. எனக்கு முன்னமே அங்கே குடியிருப்பவை கழுதைகள் மட்டும். என் ராச்சியம் அவ்வளவுதான். மணல் பாதை முடிந்து தார் ரோடு தொடங்குகிற இடத்தில் என் துணிச்சலும் முடிந்துவிடும். லைசன் எடுத்தும், வெங்காய லொறிகள் பறக்கிற அந்தப் பெரிய ரோட்டில் நான் ஒரு நாளும் ஓடினதில்லை.

பின் சீட்டு

மழைத் தண்ணீர் வற்றின கையோடு ஜெஸீமா வந்தாள். இரண்டு பிள்ளைகளின் தாய். கணவன் கட்டாரில் வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவான். எதற்கு ஸ்கூட்டி பழகுகிறாய் என்று எல்லாரிடமும் கேட்பதுபோல் அவளிடமும் கேட்டேன். பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்ற, சந்தைக்குப் போக என்று சொல்வாள் என்று நினைத்தேன்.

வெளிநாட்டிலிருந்து ஆள் வந்தால் எங்கள் பக்கத்தில் வேன் பிடித்து எயார்போட்டுக்குப் போவார்கள் அல்லவா? முன் சீட்டில் ஆண்கள், நடுவில் பெரியவர்கள், பெண்சாதி பிள்ளைகளோடு கடைசியில். ஒவ்வொரு முறையும் தான் அந்தக் கடைசிச் சீட்டிலிருந்து கணவனின் பிடரியைப் பார்த்தபடி ஊர் வந்து சேர்ந்ததாகச் சொன்னாள். வந்த அன்று அவனோடு ஒரு கதை கதைக்க இரவாகிவிடுமாம். அவன் அடுத்த மழைக்கு வருகிறான். அதைச் சொல்லிவிட்டு என் ஸ்கூட்டியின் சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள்.

"இந்த முறை அவர ஊட்டுக்கு நான்தான் கூட்டிக்கிட்டு வரணும் டீச்சர். அவர் என்ட பிடரியைப் பாக்கட்டும்."

தைலம்

டீச்சர் என்று என்னை முதலில் கூப்பிட்டவள் அவள்தான். அந்த மரியாதைக்காகவே நான் இன்னும் கூடுதலாகப் பயந்தேன். திடலுக்குப் போகும்போது தண்ணீர்ப் போத்தல், பஞ்சு, தைலம், குடை, ஊக்குப் பெட்டி எல்லாம் கொண்டுபோவேன். அடையாள அட்டையும் பையில் இருக்கும். களப்பில் யார் கேட்கப்போகிறார்கள் என்று இவர் சிரிப்பார். சாவடிக் காலத்துப் பழக்கம், விடவில்லை.

சோழகக் காற்று தொடங்கியிருந்தது. அந்தக் காற்றைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், ஆளையே சாய்க்கும். ஜெஸீமாவின் அபாயா பாய்மரம்போல் விரிந்தது. நான் ஊக்குகளால் இரண்டு பக்கமும் குத்தி அனுப்பினேன். கொஞ்சத் தூரம் நேராகப் போனவளைக் காற்று ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போய் மெதுவாகக் கிடத்தியது. நான் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினேன். அவள் முழங்காலில் தோல் கொஞ்சம் உரிந்திருந்தது. ஊதினேன், துடைத்தேன், "ஐயோ உன் மாமியாருக்கு நான் என்ன பதில் சொல்ல" என்று அழுதேன். அழுது அழுது அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் நொண்டிக்கொண்டு போய் என் பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து வந்து என் நெற்றியில் பூசினாள்.

"விழுந்தது நான் டீச்சர். தைலம் உங்களுக்கு."

கரை சேர்த்தல்

பாக்கியம் உடப்புக் கிராமத்தில் பிறந்து எங்கள் பக்கம் கல்யாணம் முடித்து வந்தவள். கணவனுக்கு இடுப்பு வருத்தம் வந்த பிறகு களப்பில் தானே எஞ்சின் வள்ளம் ஓடுகிறாள். மீனைச் சந்திக்குக் கொண்டுபோக ஸ்கூட்டி பழக வந்தாள். கை முறுக்குகிற விதத்தைப் பார்த்து நான் அசந்துபோனேன். வள்ளத்து எஞ்சினுக்கும் அப்படித்தானாம், கைப்பிடியை முறுக்கினால் வேகம். இவள் ஒரு கிழமையில் பழகிவிடுவாள் என்று சந்தோஷப்பட்டேன்.

வலப் பக்கம் திருப்பச் சொன்னேன். இடப் பக்கம் திரும்பினாள். இடப் பக்கம் என்றேன். வலப் பக்கம் போய் ஜெஸீமாவின் பிள்ளைகள் உட்கார்ந்திருந்த பாயை நோக்கி வந்தாள். வள்ளத்தில் எஞ்சின் பிடியை ஒரு பக்கம் தள்ளினால் வள்ளம் மற்றப் பக்கம் திரும்புமாம். கை அந்தப் பழக்கத்தில் நிற்கிறது. அதைவிடப் பெரிய வில்லங்கம் நிற்பாட்டுவது. பிரேக்கைத் தொடவே மாட்டாள். எஞ்சினை நிற்பாட்டிவிட்டு, ஸ்கூட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பக்கமாகக் குதித்து, கைப்பிடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவாள். வள்ளத்தைக் கரையில் ஏற்றுகிற அதே மாதிரி. ஜெஸீமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "பிரேக் இருக்குது பாக்கியம், பிரேக்!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை போய்விட்டது. அவள் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"கடல்ல பிரேக் இல்ல டீச்சர். அதுக்காக நாங்க போகாமலா இருக்கிறம்?"

ஹோர்ன்

ஜெஸீமா நேராக ஓடினாள், வளைந்து ஓடினாள், எட்டுப் போட்டாள். ஆனால் ஹோர்ன் அடிக்க மாட்டாள். ஒரு நாள் தாய்க் கழுதையும் குட்டியும் திடலின் நடுவே படுத்திருந்தன. அவற்றின் முன்னால் போய் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு, பெரியவர்கள் எழும்பி வழிவிடும்வரை காத்திருப்பதுபோல் மரியாதையாகக் காத்திருந்தாள். "அடி ஹோர்ன்!" என்றேன். "ஆக்கள் திரும்பிப் பார்ப்பாங்க டீச்சர்" என்றாள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் ஆள் இல்லை. பொம்பிளைச் சத்தம் வாசல் படலையைத் தாண்டக்கூடாது என்று வளர்ந்த பிள்ளை. கை ஹோர்னுக்குப் போகவில்லை.

பெரிய ரோட்டில் ஹோர்ன் இல்லாமல் ஒரு முழத் தூரமும் போக முடியாது என்று நான் பிடிவாதமாக நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு ஒருதரம் லேசாக அமத்தினாள். பிறகு இன்னொரு தரம். பிறகு கையை எடுக்காமல் நீளமாக அடித்தாள், களப்புக் கொக்குகள் எல்லாம் எழும்பிப் பறக்கும்வரை. தாய்க் கழுதை ஒரு காதை மட்டும் அசைத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"கழுதை அசையல்ல டீச்சர். ஆனா எனக்கு நல்லா இருந்திச்சு."

மச்சான்

இரண்டு பேரும் ஒன்றாகப் போய் லைசன் எடுத்தார்கள். பாக்கியம் பழைய ஸ்கூட்டி ஒன்று வாங்கி, கால் வைக்கிற இடத்தில் மீன் பெட்டியை வைத்துக் கட்டிவிட்டாள். ஜெஸீமாவின் கணவன் இந்த முறை வேன் வேண்டாம், பஸ்ஸிலேயே சந்திவரை வருகிறேன் என்று சொல்லியிருந்தான். அவள் ஸ்கூட்டி விஷயத்தை அவனுக்குச் சொல்லவே இல்லை. எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

ஒரு பின்னேரம் அவளுடைய மச்சான், கணவனின் அண்ணன், மோட்டார் சைக்கிளில் திடலுக்கே வந்துவிட்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கண்டதும் நான் குடைக்குப் பின்னால் ஒதுங்கினேன். ஜெஸீமா அவரைக் கண்டுவிட்டாள், ஆனால் நிற்பாட்டவில்லை. நிற்பாட்டினால் அவரோடு பேச வேண்டுமே. திடலைச் சுற்றினாள், சுற்றினாள், கழுதைகளே தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும்படி சுற்றினாள். அவரும் அசையாமல் நின்றார். கடைசியில் தலை சுற்றவே வந்து நின்றாள். அவர் ஏசவில்லை. "வேனுக்கு நான் அட்வான்ஸ் குடுத்திட்டன். தம்பி பஸ்ஸுல வந்தா ஊரு என்ன செல்லும்? உம்மாவும் வாறா. நீயும் புள்ளைகளும் விடிய சுபஹுக்கே வெளிக்கிட்டு நில்லுங்க" என்றார்.

அவளுடைய முகம் சுருங்கினதைப் பார்த்தேன். இத்தனை மாதம் காற்றிலும் வெயிலிலும் விழுந்து எழும்பினது எல்லாம் அந்த ஒரு வேனுக்குள் போய்விட்டதே என்று நினைத்தேன். அவள் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. குனிந்த தலையோடுதான் சொன்னாள், ஆனால் சொன்னாள்.

"புள்ளைகளக் கூட்டிக்கிட்டுப் போங்க மச்சான். என்ட சீட்டுல மாமிட காலுக்குத் தலகணி ஒண்டு வைங்க. நான் சந்தியில நிக்கிறன்."

சந்தி

அவன் வருவதற்கு முதல் நாள் இரவு மழை கொட்டி, விடியும்போது என் திடல் களப்பாகிவிட்டது. ஜெஸீமா பெரிய ரோட்டில் ஒரு நாளும் ஓடினதில்லை. எங்கள் மணல் பாதையிலிருந்து சந்திக்குப் போகும் அந்தத் தார் ரோட்டில்தான் லொறிகள் எல்லாம் பறக்கின்றன. வேண்டாம் என்றேன். கெஞ்சினேன். அவள் என் ஸ்கூட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். "அவ போகத்தான் போறா டீச்சர். நீங்க ஏறுங்க" என்று பாக்கியம் என்னைத் தன் பின்னால் ஏற்றினாள். மீன் வாசமும் வெங்காய லொறியின் காற்றும் மட்டும்தான் அந்தப் பயணத்தில் எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தபோது தேத்தண்ணிக் கடைக்கு முன்னால் நின்றோம். ஜெஸீமா எங்களுக்கு முன்னரே வந்து நின்றாள்.

எயார்போட்டிலிருந்து வேன் வந்தது. நேரே போய்விடும் என்று நினைத்தேன். முன் சீட்டிலிருந்த மச்சான் டிரைவரின் தோளைத் தட்டி நிற்பாட்டச் சொன்னார். கண்ணாடிக்குள்ளால் எல்லா முகமும் எங்களைப் பார்த்தது. ஜெஸீமா கையில் கொழுவியிருந்த மற்ற ஹெல்மெட்டை வேனை நோக்கி நீட்டினாள். கடையில் தேத்தண்ணி குடித்தவர்கள் கோப்பையை வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அவன் இறங்காவிட்டால் இந்தப் பிள்ளை எந்த முகத்தோடு வீட்டுக்குப் போகும்? உள்ளுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன்.

கதவு திறந்தது. மெலிந்த ஆள், நீண்ட பயணத்தில் கசங்கின சேர்ட். இறங்கி வந்து, ஆண்கள் செய்வதுபோல் டயரைக் காலால் ஒருதரம் தட்டிப் பார்த்தான்.

"லைசன் இரிக்கா?"

"இரிக்கி."

"யா அல்லாஹ், வந்த ஒடனே என்ட புள்ளய விழுத்தப் போறாளே" என்று வேனுக்குள்ளிருந்து மாமியார் சத்தமிட்டார். மச்சான் திரும்பாமலே, "ஏறுடா தம்பி. நான் பாத்தன், நல்லா ஓடுறா" என்றார். அவன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஏறினான். ஸ்கூட்டி ஒருதரம் ஆடினது. அவன் அவளுடைய தோளில் ஒரு கையை வைத்தான். பிறகு ஆடவில்லை.

அப்படியே போனோம். முன்னால் அவர்கள், பின்னால் ஊர்ந்துகொண்டு வேன், பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு. அதற்குப் பின்னால் ஹோர்ன் அடித்தபடி ஒரு வெங்காய லொறி. மணல் பாதைக்குத் திரும்புகிற இடத்தில் பாக்கியம் எங்கள் ஸ்கூட்டியை அவர்களுக்குப் பக்கமாகக் கொண்டுபோனாள். பின்னாலிருந்த சத்தத்துக்குப் பயந்து ஜெஸீமா வேகத்தைக் கூட்டினாள். அவன் அவளுடைய காதுப் பக்கம் குனிந்தான்.

"மெல்லப் போ புள்ள. நான் இன்னும் ஊரப் பாக்கல்ல."

என் தொழிலைப் பற்றி இவ்வளவுதான் சொல்லலாம்: நான் பயந்து முடிப்பதற்குள் என்னிடம் பழகினவர்கள் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.