டாக்டரம்மா இன்னும் சொல்லல

அப்பா சாதுவாக இருந்து நான் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். அதுவும் ஆஸ்பத்திரிக் கட்டிலில்.

காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். கரையேறினால் நேராக ஒயின் ஷாப், அங்கிருந்து வீடு, வீட்டில் அம்மாவின் முதுகு. ஒரு நாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு துடித்தவரை ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினோம். குடித்துக் குடித்துக் கணையம் வீங்கிவிட்டது என்றார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது, வாயில் ஒன்றும் போகவில்லை.

வலி அடங்கியதும் டாக்டரம்மா வந்து அம்மாவிடம் விளக்கினார். பசி என்று கேட்டால் இட்லியோ குழைந்த சோறோ கொடுக்கலாம், எண்ணெய் மட்டும் ஆகாது. சாப்பிட்டு வலி வராவிட்டால் வீட்டுக்கு அழைத்துப் போகலாம். அம்மா நல்ல பிள்ளை மாதிரி தலையாட்டினாள். நானும் கேட்டுக்கொண்டுதான் நின்றேன்.

மத்தியானமே அப்பா கேட்டுவிட்டார். "பசிக்குதுமே. இன்னாவாச்சும் குடேன்."

அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதே இல்லை. அம்மா அவர் நெற்றியைத் தடவிக்கொடுத்தாள்.

"டாக்டரம்மா இன்னும் சொல்லல. கம்முனு படுய்யா."

வராந்தாவுக்கு என்னைக் கூட்டிப்போய் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பாவம், மறந்துவிட்டாள் போல என்று நினைத்து, டாக்டர் சொன்னதை ஞாபகப்படுத்தினேன். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வலியில் உயிரே போய்விட்டது.

மறுநாள் காலையும் அதே பதில். பக்கத்துக் கட்டில்காரர் ரொட்டி தின்பதை அப்பா பார்த்துக்கொண்டே கிடந்தார். அம்மாவோ கட்டிலுக்கடியில் சுருண்டு, பட்டப்பகலில் வாயைத் திறந்துகொண்டு தூங்கினாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மனுஷன் பசியில் வாடுகிறான், இவளுக்குத் தூக்கம் கேட்கிறது.

டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்ததும் போட்டு உடைத்தேன். "எங்க நைனாவுக்குப் பசிக்குது. அம்மா ஒண்ணியும் குடுக்க மாட்டேங்குது."

வார்டே திரும்பிப் பார்க்கும்படி அவர் அம்மாவைத் திட்டினார். பசி வந்த பிறகும் பட்டினி போட்டால் குடல்தான் கெடும், தேறுவதும் தள்ளிப்போகும், சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டார். அம்மா போய் இட்லி வாங்கி வந்தாள். இட்லியை அவளே பிட்டு ஊட்டினாள். வலி வரவில்லை. "என் ராஜாத்தி," என்று அப்பா என் கன்னத்தைத் தட்டினார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

வீட்டில் கொஞ்ச நாள் கஞ்சி குடித்துத் தேறினார். பிறகு ஒரு சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினார். அவர் முனை திரும்பும்வரை அம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே வந்து, போன தடவை உடையாமல் மிஞ்சிய கண்ணாடி வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி அலமாரிமேல் வைத்தாள்.

"பாப்பா, நீ பக்கத்து வூட்ல போயி படுத்துக்கோ."

நான் தலையணையைத் தூக்கிக்கொண்டு போனேன். அப்போதும் எனக்கு அவள் மேல்தான் கோபம். பசித்தவருக்கு ஒரு இட்லி கொடுக்க மனம் வராதவள், நன்றாகப் படட்டும் என்று நினைத்தேன். வீட்டில் ஒரு நாளும் கண்ணயராதவள் அந்தக் கட்டிலுக்கடியில் மட்டும் எப்படி அவ்வளவு தூங்கினாள் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.