தேமல்தான் என்றேன்

பூனாவின் விஷ்ராந்த்வாடியில் ஒற்றை அறையில் தொடங்கிய என் தோல் மருத்துவம் கராடியில் கண்ணாடிக் கதவு வரை வளர்ந்தது. வளர்ந்து என்ன? டேங்கர் தண்ணீரில் குளித்து முடி கொட்டுகிறது என்று வரும் ஐ.டி. பிள்ளைகளுக்கு நாளெல்லாம் ஒரே பதில். நடுவில் கல்யாணத்துக்குள் நிறம் ஏறணும் என்று ஒரு பெண், அவளைவிட அவசரப்படும் அவள் அம்மா. சலித்துப்போனவளுக்கு ஒரு வசதி உண்டு, எதையும் சீக்கிரம் முடித்துவிடலாம்.

அப்படித்தான் அந்தத் திருநெல்வேலிப் பெண்ணையும் முடித்தேன். மென்பொருள் வேலை. பூனாவில் தமிழ் பேசும் டாக்டர் கிடைத்த சந்தோஷத்தோடு வந்தாள். வலது முன்கையில் வெளிறிய ஒரு திட்டு. மேஜைக்கு இந்தப் பக்கமிருந்தே பார்த்து, தேமல்தான் என்று களிம்பு எழுதினேன். ஒரு மாதம் கழித்து, அப்படியே இருக்கிறது என்றாள். ஒழுங்காகத் தடவியிருக்க மாட்டாய் என்று கடிந்துகொண்டு வேறு களிம்பு எழுதினேன். அவளும் தன் மேல்தான் தப்பு என்பதுபோலத் தலையாட்டிவிட்டுப் போனாள்.

மூன்றாம் முறை வந்தபோது திட்டின் மேல் ஒரு கொப்புளம். தோசைக்கல் பட்டிருக்கிறது.

"வாடை வந்தப்புறம்தான் பாத்தேன் டாக்டர். சூடே தெரியல," என்று சிரித்தாள்.

தேமலில் உணர்ச்சி போகாது. தொழுநோயில் போகும். அதைக் கண்டுபிடிக்க லேசர் வேண்டாம், ஒரு துணுக்குப் பஞ்சு போதும். அரசு மருத்துவமனையில் படித்த காலத்தில், இப்படித் திட்டோடு வந்த கூலியாள் ஒருவரையும் பஞ்சால் தொட்டுப் பார்க்காமல் நான் அனுப்பியதில்லை. கழுத்தில் கம்பெனி அட்டையோடு வந்தவளைப் பார்த்ததும் அந்த நினைப்பே வரவில்லை. படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்!

நோய் மருந்தில் குணமாகிவிடும். மரத்துப்போன நரம்புக்கு உயிர் திரும்புமா என்பது சந்தேகம். நாளெல்லாம் கணினியில் தட்டிப் பிழைக்கிற கை அது. இரண்டு மாதத்தைக் களிம்பு தடவ வைத்தே வீணாக்கியவள் நான். வெட்கமாக இருந்தது.

எழுந்து அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். கண்ணை மூடிக்கொண்டு, பஞ்சு படும்போதெல்லாம் 'ம்' சொல்லச் சொன்னேன். இடது கையில் வைத்தேன். "ம்" என்றாள். வலது தோளில் வைத்தேன். "ம்." பிறகு கொப்புளத்தை விட்டுத் தள்ளி, திட்டின் மேல் வைத்தேன். சத்தமில்லை. மணிக்கட்டுக்கு இறங்கினேன். சுண்டுவிரல் நுனிவரை போனேன்.

அவள் கண்ணைத் திறக்காமல் பொறுமையாகக் காத்திருந்தாள்.

"தொடுங்க டாக்டர்," என்றாள்.