இடது றெக்கை

அமெரிக்காவில் கேட்டி என்கிற ஊரில், மகன் வீட்டு கராஜில் வைத்துத்தான் அந்தப் பொம்மை விமானத்தை ஒட்டினேன். வீட்டுக்காரி ஸ்ட்ரோக் வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பிறகு நான் அவள் முகத்தையே பார்த்தபடி கிடந்தேன். அது பொறுக்காமல் மகன் வாங்கி வந்தது. பெட்டிக்குள் தக்கை மாதிரி மரத்துண்டுகள். இங்கிலீஷ் எழுத்து எனக்குத் தெரியாது. படத்தைப் பார்த்துத்தான் வேலை.

வாலை முதலில் ஒட்டினேன். அப்புறம் பின்னால் நின்று, ஒரு கண்ணை மூடி, வாலுக்கு ஒத்தாற்போல றெக்கையை வைத்தேன். லாரி ஓட்டிய காலத்தில் பஞ்சு மூட்டை ஏற்றினாலும் இப்படித்தான் பின்னால் போய்ப் பார்ப்பேன். சங்ககிரி பக்கம் ஒரு டீக்கடைக்காரர் லோடு சாய்கிறது என்றார். நான் கயிற்றை அவிழ்த்துக் கட்டி முடிப்பதற்குள் டீ ஆறிப்போனது. நல்ல மனுஷன், வேறு டீ போட்டுக் கொடுத்தார்.

வீல்சேரில் இருந்தவள் சொன்னாள்: "ஏனுங்க, எடது றெக்கை எறங்கியிருக்குதுங்க."

"வாலுக்கு நேராத்தான இருக்குது?"

"எறங்கித்தான் இருக்குது. லாரிக்காரருக்குக் கண்ணு போச்சாக்கும்?"

மகன் என்னைச் சமையலறைக்கு அழைத்துப் போனான். "அப்பா, அம்மா சொல்றதுக்கு ஆர்கியூ பண்ணாதீங்க. லெஃப்ட் சைடு அவங்களுக்குச் சரியா தெரியாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?"

அப்படியென்றால் றெக்கை நேராக இருந்தால் அவள் பார்வை போய்விட்டது என்று அர்த்தம். நான் ஒட்டியது கோணலாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே கராஜுக்குப் போனேன்.

இரண்டு எவர்சில்வர் டம்ளரைக் கவிழ்த்து, றெக்கையின் இரண்டு நுனிக்கும் கீழே தள்ளினேன். இடது பக்கம் டம்ளரில் முட்டியது. வலது பக்கம் விரல் நுழையும் அளவு சந்து. அப்போதுதான் வாலைப் பார்த்தேன். அதுவே இடது பக்கம் சாய்ந்திருந்தது. சாய்ந்த வாலுக்கு ஒத்தாற்போல றெக்கையையும் சாய்த்து வைத்திருக்கிறேன்.

"நீ சொன்னதுதான் சரி!"

அவள் உதட்டின் ஒரு பக்கம் சிரித்தது. "அப்ப எங்கண்ணு நல்லாத்தானுங்க இருக்குது."

மகனும் குனிந்து பார்த்தான். "கரெக்ட்தான்மா" என்றான்.

பிளேடால் பசையை அறுத்து இரண்டையும் திரும்ப ஒட்டினேன். இரண்டு டம்ளருக்கு மேலேயும் ஒரே மாதிரி சந்து.

"இப்ப?"

"சரிங்க."

வீல்சேரை ஹாலுக்குத் தள்ளினேன். சுவரைப் பார்த்தவள், "அந்த முருகன் படமும் எடது பக்கம் சாஞ்சிருக்குதுங்க" என்றாள்.

கிட்டே போய், படத்தின் மேல் விளிம்பிலிருந்து கூரை வரைக்கும் இரண்டு ஓரத்திலும் சாண் போட்டுப் பார்த்தேன். ஒரே அளவு. இன்னொரு தடவையும் போட்டேன்.

அவள் காத்திருந்தாள்.

இடது மூலையைக் கொஞ்சம் மேலே தூக்கினேன். "இப்ப?"

"இப்பத்தானுங்க நேரா இருக்குது."

மகன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். படம் இன்றைக்கும் அப்படியேதான் தொங்குகிறது. துடைக்கும்போதுகூட நாங்கள் அதை அசைப்பதில்லை.