ஆந்தூரியத்துக்குத் தேங்காய் எண்ணெய்

ஜொகூர் பாருவில் எங்கள் அடுக்குமாடியின் எதிர்வீட்டு வாசலில் ஆந்தூரியம் சிவப்பாகப் பூத்திருக்கிறது. என் தொட்டியில் இலைகள் மட்டும்தான். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இந்த எரிச்சல் அம்மாவிடமிருந்து எனக்கு வந்தது.

நான் நான்காம் ஆண்டு படித்தபோது லாயாங் லாயாங் என்ற சிற்றூரில் இருந்தோம். ஈஸ்டருக்கு மாதா கோயில் பீடத்தில் வைக்க, இருப்பதிலேயே அழகான பூந்தொட்டியைக் கேட்டு வாங்குவார்கள். எல்லா ஆண்டும் பக்கத்து வீட்டு ரோசம்மா ஆண்ட்டியின் ஆந்தூரியம்தான் போகும். அந்த ஆண்டு எங்களுடையதும் நன்றாகப் பூத்திருந்தது. அம்மா விடுவதாக இல்லை. பெரிய வெள்ளியன்று காலை, என் தலையில் தேய்த்த கையோடு இலைகளுக்கும் தேங்காய் எண்ணெய் பூசினார். மினுமினுப்பு ஆண்ட்டியின் கண்ணில் படட்டும் என்று தொட்டியை வெயிலில் வைத்தார். மாலைக்குள் இலையெல்லாம் வெந்து கருகிவிட்டது.

ஆண்ட்டி வேலியோரம் வந்து எட்டிப்பார்த்தார். "அலமாக்! என்னக்கா, செடிய பொரிச்சிட்டீங்களா?"

"யார் கண்ணு பட்டுச்சோ லா!" என்றார் அம்மா.

ஈஸ்டர் பூசையில் பீடத்தின்மேல் மறுபடியும் ஆண்ட்டியின் தொட்டி. பூசை முடியும்வரை அம்மா கண்ணைத் திறக்கவே இல்லை.

"உங்கம்மாவுக்கு எவ்வளவு பக்தி பாரு," என்றார் அப்பா.