துப்பாக்கிக்குக் கொசுறு

கார்ல்ஸ்ரூஹே நகரத்து மஞ்சள் டிராமில் அன்று இரண்டு துப்பாக்கிகள் எங்களோடு பயணம் செய்தன. தோல் உறைக்குள் இருந்த ஒன்றை ஃப்ராவ் கெர்னர் மடியில் வைத்திருந்தார். நாங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரி அவர். இன்னொன்று என் காலோரம் சாய்ந்திருந்தது. உறையின் வடிவத்தைப் பார்த்தாலே உள்ளே இருப்பது புல்லாங்குழல் இல்லை என்று யாருக்கும் தெரிந்துவிடும். ஆனாலும் அந்த வண்டியில் ஒருவர்கூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் என் புடவையைத்தான். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் நெற்றியை நெடுநேரம் கவனித்துவிட்டு, "இந்தப் பெண்ணுக்கு அடிபட்டிருக்கிறதே, மருந்து போட்டீர்களா?" என்று விசாரித்தார். கேட்டது யாரிடம்? மடியில் துப்பாக்கி வைத்திருந்தவரிடம்.

ஊரில் இருப்பவர்களுக்கு இதைச் சொன்னால் நான் அளக்கிறேன் என்பார்கள். எங்கள் அப்பாவிடமும் லைசென்ஸ் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. மலையடிவாரத்தில் எங்களுக்கு நிலக்கடலைத் தோட்டம். காட்டுப்பன்றி வந்தால் ஒரே ராத்திரியில் பாத்தி பாத்தியாகக் கிளறிப் போட்டுவிடும். எலெக்ஷன் வரும்போதெல்லாம் துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். அதை வேட்டியில் சுற்றிப் பஸ்ஸில் கொண்டுபோவார் அப்பா. கண்டக்டர் அவருக்கு மட்டும் ஒரு முழு சீட்டை ஒழித்துக் கொடுப்பார். பக்கத்தில் உட்கார எவருக்கும் தைரியம் இருக்காது. பன்றிகளுக்கு எலெக்ஷன் தேதி தெரியும் என்று அப்பா சத்தியமே செய்வார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. என் கணவர் அங்கே ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்தார். நான் ஃப்ராவ் கெர்னரின் சமையலறையில் ஜெர்மன் கற்றுக்கொண்டிருந்தேன். அதனால் எனக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் தொடர்பாக எதையும் பேச வரும். மற்ற விஷயங்களையும் அந்தச் சொற்களை வைத்தே ஒப்பேற்றுவேன். சனிக்கிழமைச் சந்தையில் ஒருமுறை முட்டைக்கோஸ்காரரிடம் பேரம் பேசிப் பாதி விலைக்கு ஒரு கூடையே வாங்கி வந்தேன். கடையைக் கட்டும் நேரத்தில் அவர் எல்லாருக்கும் அப்படித்தான் கொடுப்பார் என்பது பின்னால்தான் தெரிந்தது. அதற்குள் இந்தியப் பெண்களுக்கு வியாபாரம் ரத்தத்தில் ஊறியது என்று ஃப்ராவ் கெர்னர் முடிவு கட்டிவிட்டார். நானும் மறுக்கவில்லை. எங்கள் அப்பா மதுரையில் துப்பாக்கி மாற்றிய கதையை வேறு கை கால் வைத்துச் சொல்லி வைத்திருந்தேன். அதுதான் என்னை இந்த டிராமில் ஏற்றியது.

ஃப்ராவ் கெர்னரின் சிக்கல் இதுதான். அவர் கணவர் முந்தைய வருஷம் தவறிவிட்டார். கணவரும் கணவரின் தம்பியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு காட்டை வேட்டைக்குக் குத்தகை எடுத்திருந்தார்கள். வேட்டைக்காரர் பரீட்சை எழுதித் தேறினால் அண்ணனின் இடம் மனைவிக்கு வரும். அறுபதை நெருங்கும் வயதில் ஃப்ராவ் கெர்னர் கண்ணாடி போட்டுக்கொண்டு ராப்பகலாகப் படித்துத் தேறியும்விட்டார். ஆனால் கணவர் விட்டுப்போன இரண்டு துப்பாக்கிகளும் இரும்பு உலக்கை கனம். தோளில் ஆபரேஷன் ஆனவர் அதைத் தூக்கிச் சுட்டால் துப்பாக்கி ஒரு பக்கமும் அவர் ஒரு பக்கமும் விழுவார்கள். இரண்டையும் கொடுத்துவிட்டு லேசான துப்பாக்கி ஒன்றாக மாற்றிக்கொள்ள வேண்டும். இலையுதிர் காலத்து முதல் வேட்டைக்கு அவர் கையில் துப்பாக்கி இல்லையென்றால் இடம் கைநழுவிவிடும். கொழுந்தனார் ஏற்கெனவே வந்து, "இரண்டையும் நானே எடுத்துக்கொள்கிறேன், நீங்கள் வழக்கம்போல் சூப் ஊற்ற வாருங்கள்" என்று ஒரு தொகையைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது பழைய இரும்புக்குக் கிடைக்கும் விலை. எனக்கே ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

மதுரைக் கடையில் என்ன நடந்தது என்றால், கடைக்காரர் முதலில் காபி வரவழைத்தார். குழலுக்குள் ஒற்றைக் கண்ணால் பார்த்தார். உச்சுக்கொட்டினார். "இதை ஆக்கர் கடையில பழைய இரும்புக்குத்தான் போடணும், ஐயா" என்றார். அப்பா கோபப்படவில்லை. காபியை நிதானமாகக் குடித்து முடித்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசலில் கிடந்த செருப்பை மாட்ட ஆரம்பித்தார். அப்பா அவ்வளவு மெதுவாகச் செருப்பு மாட்டி நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. இரண்டாவது செருப்பு காலில் ஏறுவதற்குள் உள்ளேயிருந்து குரல் வந்துவிட்டது. "ஐயா, கோவிச்சுக்கிட்டா எப்படி? உக்காருங்க." கடைசியில் நல்ல விலைக்கு மாற்றிக்கொண்டதோடு, குழல் துடைக்கும் கம்பியும் ஒரு டப்பா எண்ணெயும் கொசுறாக வாங்கிக்கொண்டுதான் அப்பா படி இறங்கினார்.

இந்த வித்தையை நம்பித்தான் நகரத்துக் கடைக்குள் நுழைந்தேன். கடைக்காரர் காபி தரவில்லை. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், அளந்தார், ஒரு விலை சொன்னார். நான் சிரித்துக்கொண்டே அதற்கு இரண்டு மடங்கு சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. தான் எதையோ கவனிக்கத் தவறிவிட்டோம் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது, இரண்டு துப்பாக்கிகளையும் மறுபடி எடுத்து முதலிலிருந்து பார்த்தார். பார்த்துவிட்டு, மன்னிக்க வேண்டும், தான் சொன்னதுதான் சரி என்றார். அந்த விலைக்கு எந்த லேசான துப்பாக்கியும் வராது. சரி, செருப்பு மாட்டும் நேரம் வந்துவிட்டது என்று எழுந்தேன். அவர் எங்களுக்கு முன்னால் எழுந்துபோய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

தெருவில் நான் நடந்த நடையைத் தேர்கூட நடக்காது. காதெல்லாம் பின்னால்தான் இருந்தது. ஃப்ராவ் கெர்னர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, கால் வலிக்கிறதா என்று கேட்டார். இரண்டு கடைகள் தாண்டியிருப்போம். பின்னாலிருந்து "மேடம்! மேடம்!" என்று குரல். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. ஃப்ராவ் கெர்னரின் கையைப் பிடித்து அழுத்தி, திரும்ப வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். கடைக்காரர் தூறலில் ஓடி வந்து மூச்சு வாங்க எங்கள் முன்னால் நின்றார். கையில் என் குடை. கடையில் மறந்து வைத்துவிட்டேனாம். அதை என்னிடம் நீட்டி, வானத்தைப் பார்த்து, நல்லவேளை என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டிராம் நிறுத்தத்தில் என் பேர வித்தை முழுவதையும் ஃப்ராவ் கெர்னருக்கு விளக்கினேன். அவர் கேட்ட ஒரே கேள்வி: "அவர் தன் விலையைச் சொல்லிவிட்டார். பிறகு எதற்கு இன்னொரு விலை சொல்ல வேண்டும்?" எனக்கு அவமானமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை நகர ஓரத்து டூர்லாக் பக்கத்தில் ஒரு சின்னக் கடைக்குப் போனோம். இந்த முறை சுமை தூக்க என் கணவரும் வந்தார். வம்பு என்றால் அவருக்கு ஆகாது. உறையைத் தன் உடம்பில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டே வழி முழுக்க முனகினார். கடைக்காரர் சாம்பல் நிற மேலங்கி போட்ட மெலிந்த மனிதர். நான் வாயைத் திறப்பதற்குள் ஃப்ராவ் கெர்னர் ஆரம்பித்துவிட்டார். ஒரு துப்பாக்கியின் இடது குழல் கொஞ்சம் இடப்பக்கம் இழுக்குமாம். அதனால் அவர் கணவர் ஒரு மானைத் தவறவிட்டாராம். இன்னொரு மான் தப்பியதற்குத் துப்பாக்கி காரணமில்லையாம், அன்று ஷ்னாப்ஸ் சாராயம் அதிகமாகிவிட்டதாம். விற்க வந்த சரக்கை விற்பவரே இப்படிக் கிழிப்பதை நான் எங்கும் கண்டதில்லை. மேசைக்கு அடியில் அவர் காலை மெல்ல மிதித்தேன்.

"ஏன் என் காலை மிதிக்கிறீர்கள்?" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கேட்டார்.

கடைக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டு, குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஒரு விலை சொன்னார். முதல் கடைக்காரர் சொன்ன அதே விலை. நாங்கள் எங்கேயும் சொல்லவில்லை, அவர்களும் கூடிப் பேசியிருக்க வழியில்லை. என் பேரம், இவருடைய ஒப்புதல் வாக்குமூலம் எதற்கும் அந்த விலை அசையவில்லை. ஃப்ராவ் கெர்னர் என்னைப் பார்த்த பார்வையில், பார்த்தீர்களா இதுதான் நியாயமான விலை என்பது இருந்தது. நல்லவேளையாக அந்தக் கடையில் அதே விலைக்குப் பழைய துப்பாக்கி ஒன்று இருந்தது. லேசானது. நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அது நெட்டையான யாரோ வைத்திருந்தது. தோளில் பதியும் மரக்கட்டை நீளம். அதை அறுத்து ரப்பர் வைத்தால்தான் ஃப்ராவ் கெர்னருக்குப் பொருந்தும். அந்த வேலைக்கான கூலியைக் கேட்டதும் அவர் முகம் வாடிவிட்டது. பென்ஷனில் குளிர்காலத்து நிலக்கரி வாங்குவதே அவருக்கு இழுபறி.

அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. விலையில்தானே கைவைக்கக் கூடாது? கொசுறு கேட்கலாமே. எனக்குத் தெரிந்த காய்கறி ஜெர்மனில் கடைக்காரருக்குப் பாடம் நடத்தினேன். எங்கள் ஊரில் கால் கிலோ கத்தரிக்காய் வாங்கினாலே கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் சும்மா தருவார்கள். இங்கே நாங்கள் வாங்குவது துப்பாக்கி. கட்டையை அறுத்துக் கொடுப்பதைச் சும்மா செய்தால் என்ன?

அவர் அதை ரொம்பத் தீவிரமாக யோசித்தார். பிறகு வருத்தத்தோடு சொன்னார்: "அது சட்டப்படி குற்றம்." பொருள் விற்கும்போது கூடவே இலவசமாக எதையும் சேர்த்துக் கொடுக்கக் கூடாது என்று இந்த நாட்டில் சட்டமே இருக்கிறதாம். நாங்கள் கொடுக்கும் இரண்டு துப்பாக்கிகளின் விலையைக் கொஞ்சம் ஏற்றிப் போடலாமே என்றால், அதுவும் ஒளித்துக் கொடுக்கிற தள்ளுபடியாகிவிடுமாம். நான் அசந்துபோனேன். ரயிலை நிமிஷம் தவறாமல் விடுகிறார்கள், ஆராய்ச்சி செய்கிறார்கள் என்றெல்லாம் கேள்விப்பட்டுத்தான் வந்தேன். கொத்தமல்லிக் கட்டுக்கு எதிராகச் சட்டம் போட்ட சர்க்காரைப் பற்றி யாரும் எனக்குச் சொல்லவில்லை.

என் கணவருக்கு வேர்த்துவிட்டது. "சாந்தா, இல்லீகல்னு சொல்றார். பேசாம கிளம்பு. விசா கேன்சல் ஆயிடும்" என்று தமிழில் கிசுகிசுத்தார்.

கடைக்காரர் மாற்றலுக்கு ரசீது எழுதினார். பழைய இரண்டையும் உள்ளே வைத்தார். லேசானதை உறையில் போட்டு ஃப்ராவ் கெர்னரிடம் கொடுத்தார். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, "இரண்டு மணிக்கு வாருங்கள். அப்போது கடை மூடியிருக்கும்" என்றார்.

இதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? ஊரில் ஒருவன் கடை மூடிய பிறகு வா என்றால் வராதே என்று அர்த்தம். மரியாதையாகக் கழற்றிவிடுகிறார், வீட்டுக்குப் போவோம் என்றேன். என் கணவர் ஏற்கெனவே டிராம் நிறுத்தத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருந்தார். ஃப்ராவ் கெர்னர் அசையவில்லை. "அவர் இரண்டு மணி என்றார்" என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். வேறு வழியில்லாமல் நாங்களும் உட்கார்ந்தோம். இரண்டு அடித்ததும் இரும்புக் கதவு கடகடவென்று கீழே இறங்கியது. பூட்டும் சத்தம் கேட்டது. நான் ஃப்ராவ் கெர்னரைப் பார்த்தேன், சொன்னேனே என்று.

பக்கத்துச் சந்தில் ஒரு கதவு திறந்தது. முழங்கையில் ஓட்டை விழுந்த கம்பளிச் சட்டையோடு அவர் நின்றார். சாம்பல் மேலங்கி இல்லை.

"கடைக்காரர் போய்விட்டார். நான் அவருக்கு வேண்டியவன். உள்ளே வாருங்கள்" என்றார்.

முகத்தில் சிரிப்பே இல்லை. பட்டறையில் ஃப்ராவ் கெர்னரை நிறுத்தி, துப்பாக்கியை அவர் தோளில் வைத்துப் பென்சிலால் கோடு போட்டார். அறுக்கும்போது ஆடாமல் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டியிருந்தது. விசா பயத்தில் கதவோரம் நின்ற என் கணவர் தானாக வந்து பிடித்துக்கொண்டார். வால்நட் கட்டையின் ஒரு துண்டு கீழே விழுந்தது. ரப்பர் வைத்துத் தேய்த்து முடித்ததும் ஃப்ராவ் கெர்னர் துப்பாக்கியைத் தூக்கிக் கன்னத்தோடு சேர்த்தார். அது அவருக்காகவே செய்தது போல் உட்கார்ந்தது. அவர் கண் கலங்கியது. எனக்கும்தான். நன்றி சொல்லத் தெரிந்த ஜெர்மன் சொற்களை எல்லாம் வரிசையாகச் சொன்னேன். வெங்காயம்கூட அதில் வந்திருக்கலாம். அந்த மனிதர் சங்கடப்பட்டு, தரையில் கிடந்த கட்டைத் துண்டை எடுத்து என் கையில் வைத்தார்.

நவம்பரில் அந்த வேட்டைக்கு என்னையும் அழைத்துப் போனார் ஃப்ராவ் கெர்னர். பனியில் கொழுந்தனாருக்குப் பக்கத்திலேயே, கணவர் நின்ற இடத்தில் நின்றார். அன்று அவர் ஒரு முயலைக்கூடச் சுடவில்லை. அதைப் பற்றி அவருக்கோ மற்றவர்களுக்கோ கவலையும் இல்லை. இடம் அவருடையது என்று ஆகிவிட்டது. சூப் ஊற்ற ஆளில்லாமல் போனதால் கரண்டியை நான் எடுத்துக்கொண்டேன். கொழுந்தனார் கிண்ணத்தோடு கடைசியாக வந்தார். ஒரு கரண்டி ஊற்றி, அதன்மேல் இன்னும் அரைக் கரண்டி ஊற்றினேன். இது எதற்கு என்று கேட்டார். சும்மா என்றேன். அவர் அந்த அரைக் கரண்டியைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டே குடித்தார்.

சில வருஷங்கள் கழித்து லீவில் மதுரைக்கு வந்தபோது, அம்மாவின் பழைய பித்தளை அண்டாவைப் போட்டுவிட்டு எவர்சில்வர் பாத்திரம் எடுக்க ஒரு கடைக்குப் போனேன். கடைக்காரர் அண்டாவைத் தட்டிப் பார்த்து, உச்சுக்கொட்டி, அடிமட்டமாக ஒரு விலை சொன்னார். அவர் தன் விலையைச் சொல்லிவிட்டார், நமக்குக் கட்டவில்லை, அவ்வளவுதானே என்று எழுந்து நன்றி சொல்லிவிட்டு, அண்டாவை இடுப்பில் வைத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தேன். நிஜமாகவே போய்க்கொண்டிருந்தேன். தெருமுனையில், "அம்மா! அம்மா! நில்லுங்கம்மா!" என்று மூச்சு வாங்க ஒரு குரல் துரத்தி வந்தது. பங்குனி வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. நான் திரும்பி நின்று, என் குடையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினேன்.