இரண்டாவது ரத்தப் பரிசோதனை

மன்னவனூரில் எங்கள் பூண்டு அறுவடையின்போது, ஒரு காலையில் என் மனைவிக்குத் தாடை வலித்து வியர்த்துக் கொட்டியது. கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஈசிஜி நன்றாக இருந்தது. ரத்தப் பரிசோதனையிலும் ஒன்றும் தெரியவில்லை.

"மாரடைப்புன்னா ரத்தத்துல தெரியக் கொஞ்ச நேரமாகும். மூணு மணி நேரம் கழிச்சு இன்னொரு தடவை பார்க்கணுங்க," என்றார் நர்ஸ்.

"நல்லா இருக்குன்னு நீங்களே சொல்லிட்டு, எதுக்கு மறுபடி குத்துறீங்க? எனக்குக் காட்டுல சோலி கெடக்கு," என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன்.

"நீங்க போங்க, நான் இருந்து பார்த்துட்டு வர்றேன்," என்றாள் மனைவி. நான் நிஜமாகவே பஸ் ஏறிவிட்டேன்.

பூண்டை மூட்டை கட்டும்போது போன் வந்தது. இரண்டாவது பரிசோதனையில் மாரடைப்பு என்று தெரிந்து, அவளை ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பியிருந்தார்கள். அத்தனை கொண்டை ஊசி வளைவுகளையும் அவள் தனியாகவே இறங்கியிருக்கிறாள். நான் போய்ச் சேர்வதற்குள் அடைப்பை நீக்கிவிட்டார்கள், பிழைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளுடைய அண்ணன் பார்க்க வந்தார். "கூட யாருத்தா இருந்தது?"

"அவுகதாண்ணே. பக்கத்தை விட்டு நகரவே இல்ல."

அவர் கண்கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை. அவளும் இன்றுவரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.