குடைக்காரனின் முகம்

"அரிசிக்கு ஒரு நல்ல டின் கிடையாது இந்த வீட்டுல. பொம்மைக்கு மட்டும் டின்னு டின்னா இருக்கு" என்பாள் மாமி.

பொம்மை என்று அவள் சொன்னது மாமாவின் படக்கதைப் புத்தகங்களை. பெரிய பிஸ்கட் டின்களில் அடைத்து, பரணிலும் கட்டிலுக்கு அடியிலும் வைத்திருந்தார். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பாலிதீன் உறை, டின்னுக்குள் கற்பூரம், வேப்பிலை. திருவனந்தபுரத்து மழை ஈரத்தில் பூஞ்சை பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். "எனக்குச் சளி பிடிச்சப்போ இந்தக் கற்பூரம் எங்க போச்சு?" என்பதும் மாமி வாக்குத்தான். அவள் வாயிலிருந்து விழுந்ததையெல்லாம் பத்திரப்படுத்தியிருந்தால் நானும் ரெண்டு டின் வாங்கியிருக்க வேண்டும்.

கரமனையில் ஆற்றுக்கு இறங்குகிற சந்தில் வாடகை வீடு. மாமா, மாமி, அம்மா, நான். மாமா அம்மாவுக்கு அண்ணன். திருநெல்வேலிப் பக்கமிருந்து இளவயதில் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு ஜவுளிக்கடையில் பில் போடுகிறவராக நிலைத்துவிட்டார். அம்மா கிழக்கேகோட்டையில் ஒரு மருந்துக்கடைக்குப் போய்வந்தாள். நான் இரண்டாம் வகுப்பு.

அப்பா லாரி ஓட்டப் போயிருந்தார். எங்கே என்று கேட்டால் அம்மா "வேலைக்கு" என்பாள். மாமி "வடக்க" என்பாள். மாமா "நல்லாப் படி மக்கா, பொறவு சொல்லுதேன்" என்பார். மூன்றும் ஒரே ஊர்தான் போல என்று நான் நினைத்துக்கொண்டேன். பீரோவுக்குள் அம்மாவின் கல்யாணப் போட்டோ ஒன்று இருந்தது. மாலையும் கழுத்துமாக அம்மா. அவள் தோளை ஒட்டி ஒரு சட்டைக் கை. அதற்கப்பால் ஒன்றுமில்லை, கத்தரி போன நேர்கோடு. கல்யாணப் போட்டோ என்றால் ஒரு பெண்ணும் ஒரு கையும் என்றே வெகுநாள் நம்பியிருந்தேன். பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை முழுசாக வந்து நின்றதும் எனக்குத்தான் அதிசயமாகப் போயிற்று.

இருக்கட்டும், மாமா கதைக்கு வருகிறேன்.

மலையாள வாரப் பத்திரிகை ஒன்றில் வருஷக்கணக்காக ஒரு துப்பறியும் படக்கதை வந்துகொண்டிருந்தது. மாமா மலையாள எழுத்துப் படித்ததே அதற்காகத்தான். பள்ளிக்கூடமும் இல்லை, வாத்தியாரும் இல்லை. படத்தில் ஆட்கள் வாயிலிருந்து கிளம்புகிற வெள்ளை முட்டைகளுக்குள் இருந்த பேச்சை வைத்தே எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டார். அதனால் கடையில் அவர் பேசுகிற மலையாளத்தில் "நில்லடா அங்கே!", "துப்பாக்கியைக் கீழே போடு!" என்கிற தொனி எப்போதும் கொஞ்சம் இருக்கும். புடவை வாங்க வந்தவர்கள் சில்லறையைச் சட்டென்று எடுத்துத் தந்துவிடுவார்களாம்.

அந்தக் கதையில் ஒரு இன்ஸ்பெக்டர், அவருக்கு ஒரு நாய், ஒரு ஜீப். பிறகு குடைக்காரன். கதையின் வில்லன். மழையானாலும் வெயிலானாலும் அவன் முகத்தை ஒரு கறுப்புக் குடை மறைத்திருக்கும். இத்தனை வருஷத்தில் ஒரு கட்டத்தில்கூட ஓவியர் அவன் முகத்தை வரையவில்லை. கதையே முடிந்து போயிற்று, அப்போதும் காட்டவில்லை.

ஒருநாள் கடைக்கு வந்த பழைய பேப்பர் கட்டில் அந்தப் படக்கதையின் அசல் தாள் ஒன்று மாமாவுக்குக் கிடைத்தது. அச்சுக்கு முன்னால் ஓவியர் கையால் வரைந்த பெரிய தாள். நீலப் பென்சில் கோடுகள், தப்பை மறைத்துப் பூசிய வெள்ளை, ஓரத்தில் விரல் மை. மாமா அன்றைக்குச் சோறு சரியாகத் தின்னவில்லை. "அச்சடிச்சது ஊருக்கெல்லாம் உண்டு. இது அந்த மனுஷன் கை பட்டதுல்லா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அதிலிருந்து அவருக்குப் புத்தகம் போதவில்லை, கைதான் வேண்டியிருந்தது.

அப்போதுதான் பாளையத்தில் ஒரு வாசகசாலை மாடியில் படக்கதை சேர்க்கிறவர்களெல்லாம் கூடுகிறார்கள் என்று சேதி வந்தது. கொண்டுவந்தவர் மாமாவின் கூட்டாளியான பஸ் கண்டக்டர், மலையாளி. அவரும் வீடு நிறைய டின் வைத்திருந்தவர். "அண்ணாச்சி, ஓவியர் வருன்னுண்டு. வர்றவங்களுக்குக் கையால வரச்சுத் தருவார். பட்சே ஆளுக்கு ஒரு படம்தான்."

ஆளுக்கு ஒரு படம். மாமா கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்தார். பிறகு வீட்டில் எத்தனை ஆள் என்று பார்த்தார்.

அப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் எல்லாருமே புறப்பட்டோம். மாமி கல்யாணப் பட்டுப் புடவையில் இருந்தாள், எங்கே போகிறோம் என்று அவளுக்குச் சரியாகப் புரியாததால். பஸ்ஸில் மாமா வேலையைப் பிரித்துக் கொடுத்தார். மாமா இன்ஸ்பெக்டரைக் கேட்பார். மாமி நாய். அம்மா ஜீப்பும் டிரைவரும். எனக்குத்தான் பெரிய வேலை.

"நீ குடைக்காரனுக்க முகம் கேக்கணும், மக்கா. நாங்க கேட்டா சிரிச்சுட்டு விட்டுருவாரு. சின்னப்புள்ள கேட்டா மாட்டேங்க மாட்டாரு."

"அவன் முகம் யாருக்குமே தெரியாதே மாமா?"

"அவருக்குத் தெரியும். யாரும் பாக்காத முகத்தையும் அவரு வரைவாரு. அதாக்கும் கை."

இந்தப் பேச்சு என் தலைக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. மாமாவுக்கு அது தெரியாது.

வாசகசாலை மாடியில் எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. கல்யாண வீட்டுக் கூட்டம், ஆனால் மேளமில்லை. எல்லாரும் பெரிய ஆம்பிளைகள், எல்லார் கையிலும் குழந்தைப் புத்தகம். ஒருவரும் படிக்கவில்லை. உறையோடு தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார்கள், முனை மடங்கியிருக்கிறதா என்று தடவினார்கள், ஒருவர் மோந்துகூடப் பார்த்தார். நான் ஒரு புத்தகத்தை உறையிலிருந்து எடுத்து விரித்தேன். நாலு பேர் ஒரே சமயத்தில் "அய்யோ!" என்றார்கள்.

"பொண்ணு பாக்க வந்தவனுவ மாதிரில்லா திருப்பித் திருப்பிப் பாக்கானுவ" என்றாள் மாமி. "கடேசில ஊருக்குப் போய் எழுதுதோம்னுட்டுப் போயிருவானுவ பாரு."

ஓவியர் மூலையில் ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். மெலிந்த கிழவர். இடது கையால் சூடான சாயா கிளாஸைப் பிடித்திருந்தார், குடிப்பதற்கில்லை. கொஞ்சம் வரைந்துவிட்டு வலது கைவிரல்களை அந்தக் கிளாஸில் ஒத்திக்கொள்வார். விரல் விறைத்துப்போகுமாம். நீண்ட வரிசை. அவர் சாயங்கால வண்டிக்குப் போக வேண்டும் என்று கண்டக்டர் பதறிக்கொண்டிருந்தார். எங்கள் நாலு பேருக்கும் பின்னால் நின்றவர் அவர்தான்.

மாமா இன்ஸ்பெக்டரை வாங்கினார். கையோடு கொண்டுவந்திருந்த அட்டை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். மாமிக்கு நாய் வந்தது. அவள் அதை உற்றுப் பார்த்துவிட்டு, "பட்டினி கெடந்த மாதிரி இருக்கே சார். ஒரு வாய் சோறு போட்டு வரையப்பிடாதா?" என்றாள். கிழவர் சிரித்து நாய்க்கு வயிறு ஒன்று வைத்துக் கொடுத்தார்.

அடுத்தது அம்மா. "ஜீப்பு" என்றாள். கொஞ்சம் நின்று, "டிரைவர் வேண்டாம் சார். வண்டி மட்டும் போதும்."

"வண்டி தன்னெ ஓடுமோ?" என்றார் கிழவர்.

"ஓடுது சார். இத்தன வருஷமா ஓடத்தான செய்யுது."

மாமி அம்மாவின் முழங்கையைத் தொட்டாள். மாமா கூரையைப் பார்த்தார். ஜீப் எப்படித் தானாக ஓடும் என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே என் முறை வந்துவிட்டது.

"மோளுக்கு ஆரெ வேணும்?" என்றார் கிழவர், மகளுக்கு யார் வேண்டுமாம்.

பின்னாலிருந்து மாமா என் தோளைத் தட்டினார். "சொல்லு மக்கா. குடை…"

நான் கிழவரைப் பார்த்துக் கேட்டேன். "யாரும் பாக்காத முகத்தையும் நீங்க வரைவீங்களா?"

"பின்னே! அதல்லே என்டெ ஜோலி" என்றார், அதுதானே தன் வேலை என்று.

"அப்போ எங்க அப்பாவ வரைஞ்சு தாங்க."

தோளில் இருந்த மாமாவின் கை அப்படியே நின்றது. "அண்ணாச்சி, குடைக்காரன் போச்சு!" என்று கண்டக்டர் பின்னால் முனகியது எனக்குக் கேட்டது. கிழவர் எங்கள் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். அம்மாவின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாக. பிறகு புதுத் தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு, விரல்களைக் கிளாஸில் ஒத்திக்கொண்டார்.

"பறயு மோளே. அச்சன் எங்ஙனெயா?"

அப்பா எப்படி இருப்பார் என்று என்னிடமே கேட்பார் என நான் எதிர்பார்க்கவில்லை. அவருக்கே தெரியும் என்றல்லவா மாமா சொல்லியிருந்தார்! தெரியாத முகத்தை என்னிடமே கேட்டால் நான் எங்கே போவேன்? ஆனால் அத்தனை பேர் பார்த்துக்கொண்டு நிற்கும்போது, தெரியாது என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா என்று ஒருவர் எப்படி இருப்பார் என்று கண்ணை இறுக்கி மூடி யோசித்தேன். வந்ததைச் சொன்னேன்.

"மீசை உண்டு."

"எங்ஙனெத்த மீசை?"

"ஒரு பக்கம் கொஞ்சம் கீழ எறங்கியிருக்கும். நெத்தி பெரிசா இருக்கும். கண்ணாடி போட்டிருப்பாங்க. கண்ணாடிக் காலு ஒடஞ்சு, நூல் சுத்தியிருக்கும்."

"சிரிக்குமோ?"

"வாயத் தொறக்காம சிரிப்பாங்க. தோள் மட்டும் ஆடும். பொறவு, காதுல பேனா சொருகியிருப்பாங்க."

தூரிகை ஓடிக்கொண்டே இருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை கிழவர் தலையைத் தூக்கி, என் தலைக்கு மேலே பின்னால் பார்த்தார். அப்புறம் தூக்கவே இல்லை. முடித்து, ஊதிக் காயவைத்து, தாளை என் பக்கமாகத் திருப்பினார்.

பார்த்தேன். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இது எங்க மாமால்லா!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. எனக்கு ஆத்திரம். அப்பா முகம் தெரியாததால், பின்னால் நிற்கிற ஆளைப் பார்த்து வரைந்து என் தலையில் கட்டிவிட்டார் என்றுதான் நினைத்தேன். "ஏமாத்திட்டாரும்மா! மாமாவப் பாத்து வரைஞ்சுட்டாரு!" என்று அம்மாவிடம் முறையிட்டேன்.

"ஞான் ஒண்ணும் செய்தில்ல. மோளு பறஞ்ஞதே வரச்சுள்ளூ" என்றார் கிழவர், நான் சொன்னதைத்தான் வரைந்தாராம். தூரிகையைத் துடைத்து மூடியில் செருகினார். அவருக்கு வண்டிக்கு நேரமாகிவிட்டது. கண்டக்டருக்குக்கூடப் படம் கிடைக்கவில்லை.

அம்மா தாளை வாங்கினாள். படத்தைப் பார்த்தாள், மாமாவைப் பார்த்தாள். நியாயமாகப் பார்த்தால் அவள் என் பக்கம் பேசியிருக்க வேண்டும். அப்பாவோடு வாழ்ந்தவள் எங்களில் அவள்தானே?

"சரியாத்தான் இருக்கு" என்றாள்.

"அப்போ அப்பா மாமா மாதிரியாம்மா இருப்பாங்க?"

அவள் தாளை மாமாவின் ஃபைலுக்குள் வைத்தாள். மாமியைப் பார்த்தேன். எதற்கும் ஒரு வாக்கு வைத்திருக்கிற மாமி, அங்கே தட்டில் வைத்திருந்த பழம்பொரி பஜ்ஜி ஒன்றை எடுத்து என் வாயில் திணித்தாள்.

கண்டக்டர் படியிறங்கும் வரைக்கும் புலம்பிக்கொண்டு வந்தார். அவர் புலம்பியதில் தப்பில்லை. ஓவியர் அதற்குப் பிறகு எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. சில வருஷத்தில் காலமாகிவிட்டார். குடைக்காரனின் முகம் யாருக்கும் கிடைக்காமலே போயிற்று. சேகரிப்பாளர்கள் கூடுகிற இடத்தில் அன்றைக்கு அங்கே இல்லாத யாராவது இன்றும் மாமாவிடம், "அண்ணாச்சிக்க மருமவ மாத்திரம் அன்னைக்கு வாயத் தொறந்திருந்தா…" என்று ஆரம்பிப்பதுண்டு. நான் வாயைத் திறந்ததுதான் கெடுதல் என்று அவர்களுக்குத் தெரியாது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அட்டை ஃபைல் மடியில். அதைத் திறந்து பார்ப்பதும் மூடுவதுமாக இருந்தார். வருஷக்கணக்கில் காத்திருந்து, வீட்டோடு திரட்டிக்கொண்டு போய், எல்லாம் என்னால் பாழாயிற்று. அடி விழுமோ என்றுகூட இல்லை, இனிமேல் டின்னைத் தொட விடமாட்டாரோ என்பதுதான் எனக்குப் பயம்.

கரமனையில் இறங்கும்போது நல்ல மழை. அம்மாவும் மாமியும் ஒரு குடையில் என்னையும் இழுத்துக்கொண்டார்கள். மாமா தன் கறுப்புக் குடையை விரித்து, ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முன்னால் நடந்தார். கோபமா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். நான் அம்மா பிடியிலிருந்து உருவிக்கொண்டு, நனைந்தபடி ஓடி அவருக்கு வலது பக்கம் போனேன்.

"கோவமா மாமா?"

குடை வலது பக்கம் சாய்ந்தது.

இடது பக்கம் ஓடினேன். குடை இடது பக்கம் சாய்ந்தது. முன்னால் ஓடிப்போய்த் திரும்பி நின்றேன். குடை முன்னால் தாழ்ந்து இறங்கியது. கறுப்புத் துணியும், அதன் கீழே ஃபைலை இறுக்கிப் பிடித்த கையும், நனைந்த வேட்டிக் கரையும் மட்டும் தெரிந்தன.

"மாமா, முகத்தக் காட்டுங்க மாமா!"

காட்டவில்லை. தோள் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கிறார் என்று நினைத்து நானும் சிரித்துக்கொண்டே வீடு வரைக்கும் குடையைச் சுற்றிச் சுற்றி ஓடினேன்.